கோலும் கோணமும்

மனிதன் முதன்முதலில் அளக்கக் கற்றது நீளத்தையே. விரற்கடை, சாண், முழம், பாகம் என்று தன் உடலுறுப்புகளையே அளவுகளாகக் கொண்டு, அவன் துணியையும் மரத்தையும் மனையையும் அளந்தான். பின்னர்க் கோலும் கயிறும் சங்கிலியும் தோன்றின. இன்றும் அளவு என்றவுடன் நம்மிற் பலர் நீளத்தையே நினைக்கின்றோம். ஆயினும், கோல் ஒன்றை மட்டும் துணைக்கொண்டு ஒரு வயலையோ வீட்டையோ தெருவையோ முற்றும் அறிந்துவிட இயலாது. இதனை ஒரு சிறு சோதனையால் தெளியலாம்.

மூங்கிற் சிம்புகள் நான்கினை எடுத்துக்கொள்க. அவற்றுள் இரண்டு ஒரு முழ நீளமும், மற்ற இரண்டு ஒரு சாண் நீளமும் இருக்கட்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒத்திருக்குமாறு வைத்து, நான்கு மூலைகளையும் நூலால் கட்டுக. இப்பொழுது ஒரு பக்கத்தை மெல்லத் தள்ளினால் சட்டம் சாயும். மேலும் தள்ளினால் மேலும் சாய்ந்து, இறுதியில் எல்லாச் சிம்புகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிம்புகளின் நீளம் சிறிதும் மாறவில்லை. ஆயினும் உருவம் மாறிவிட்டது. அஃது அடைத்திருந்த இடமும் குறைந்துவிட்டது. அவ்வாறாயின் மாறியது யாது? மூலைகளிற் சிம்புகள் ஒன்றுக்கொன்று சாய்ந்திருந்த நிலையே மாறியது. அந்நிலையின் அளவே கோணம் எனப்படும்.

பெயரிடும் முறை

ஒரு புள்ளியினின்று புறப்படும் இரண்டு கதிர்கள் ஒரு கோணத்தை ஆக்குகின்றன. அப்புள்ளி கோணத்தின் முனை எனப்படும். கதிர்கள் இரண்டும் கோணத்தின் கரங்கள் ஆகும். ஒரு கரம் மற்றொரு கரத்தின்மேல் பொருந்துவதற்கு எவ்வளவு திரும்ப வேண்டுமோ, அத்திருப்பமே கோணத்தின் அளவு.

மதுரை மாநகரில் மீனாட்சியம்மன் திருக்கோயிலை நடுவாகக் கொண்டு, ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று வீதிகள் ஒன்றனை அடுத்து ஒன்று சதுரம் சதுரமாகச் சூழ்ந்துள்ளன. மாசி வீதிகளின் தென்கிழக்கு மூலையில் நாம் நிற்பதாகக் கொள்வோம். வடக்கு நோக்கினால் கீழமாசி வீதி செல்லும். மேற்கு நோக்கினால் தெற்கு மாசி வீதி செல்லும். நாம் நிற்கும் மூலையை ஆ எனவும், கீழமாசி வீதியின் வடகோடியை அ எனவும், தெற்கு மாசி வீதியின் மேற்குக் கோடியை இ எனவும் குறிப்போம். அவ்விரு வீதிகளும் ஆக்கும் கோணத்தை ∠அஆஇ என்று எழுதுதல் வேண்டும். முனையைக் குறிக்கும் எழுத்து எப்பொழுதும் நடுவில் நிற்கும். ∠இஆஅ என்று எழுதினும் அது பிழையன்று. ஆனால் ∠ஆஅஇ என்று எழுதினால் அது வேறொரு கோணமாகிவிடும்.

முனையின் பெயரை மட்டும் கூறினால் போதாதோ என்று கேட்கலாம். ஒரு முனையில் ஒரே கோணம் இருக்குமாயின் போதும். அம்மூலையிலிருந்தே மூன்றாவது தெரு ஒன்றும் புறப்படுமாயின், அங்கே பல கோணங்கள் உண்டாகின்றன. ஒரே ஊரில் முருகன் என்னும் பெயருடையார் மூவர் இருப்பின், தந்தையின் பெயரையும் சேர்த்துக் கூறி அவர்களைப் பிரித்தறிகின்றோம் அன்றோ? அதுபோலவே, கரங்களின் பெயரையும் சேர்த்துக் கூறிக் கோணத்தை ஐயமின்றிக் குறிக்கின்றோம்.

கோணங்களின் வகை

மூடியிருக்கும் கதவைச் சிறிது திறந்து பாருங்கள். கதவு நிலையோடு சேர்ந்து ஒரு சிறு கோணத்தை ஆக்குகிறது. இது குறுங்கோணம். கதவு சுவருக்கு நேர்குத்தாக நிற்கும் அளவுக்குத் திறந்தால் அது செங்கோணம் ஆகும். அதற்கு மேலும் திறந்தால் விரிகோணம் ஆகும். கதவு பின்னே சென்று சுவரோடு சுவராகப் படியுமாயின், நிலையும் கதவும் ஒரே நேர்கோட்டில் அமைகின்றன; இது நேர்கோணம். நேர்கோணத்தினும் பெரியதாய், முழுச் சுற்றினும் சிறியதாய் இருப்பது பின்வளைகோணம். ஒரு வீட்டின் மூலையைத் தெருவில் நின்று நோக்கினால், நம் பக்கமாக விரிந்து கிடக்கும் கோணம் இவ்வகையினது. செக்கைச் சுற்றிவரும் மாடு ஒரு சுற்று முடித்ததும் தான் புறப்பட்ட திசையையே நோக்கி நிற்கும். அத்திருப்பம் முழுக்கோணம் ஆகும்.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். கோணத்தின் அளவு கரங்களின் நீளத்தைப் பொறுத்ததன்று. மூன்று மணிக்குக் கைக்கடிகாரத்தின் முட்கள் ஆக்குவதும் செங்கோணமே. மணிக்கூண்டின் பெரிய முட்கள் ஆக்குவதும் செங்கோணமே. முட்கள் நீண்டனவாதலால் மணிக்கூண்டின் கோணம் பெரிதாகிவிடுவதில்லை. தாளில் வரைந்த சிறு கோணத்தைக் கொண்டு வானளாவிய கோபுரத்தையும் அறிய இயலுவது இந்த ஓர் உண்மையினாலேயே ஆகும்.

இரு கோணங்கள் சேர்ந்து ஒரு செங்கோணத்துக்குச் சமமாயின் அவை நிரப்புக் கோணங்கள். ஒரு நேர்கோணத்துக்குச் சமமாயின் அவை மிகைநிரப்புக் கோணங்கள். இரு தெருக்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நாற்சந்தியில் எதிரெதிரே அமையும் கோணங்கள் குத்தெதிர்க் கோணங்கள் எனப்படும். அவை எப்பொழுதும் ஒன்றுக்கொன்று சமமாகவே இருக்கும்.

அளக்கும் முறை

ஒரு முழுச் சுற்றினை 360 சம பங்குகளாகப் பிரித்தால், ஒரு பங்கு ஒரு பாகை ஆகும். ஒரு பாகையில் 60 கலைகள். ஒரு கலையில் 60 விகலைகள். அறுபதை அடியாகக் கொண்டு எண்ணிய பாபிலோனிய மக்களின் எண்முறையினின்று இப்பகுப்பு வந்தது. நாழிகையை அறுபது விநாழிகையாகப் பகுத்த நம் முன்னோர்க்கும் அறுபதின் வழக்கு புதியதன்று.

எனவே செங்கோணம் 90 பாகை. நேர்கோணம் 180 பாகை. முழுக்கோணம் 360 பாகை. 90 பாகைக்குக் குறைந்தது குறுங்கோணம். 90-க்கும் 180-க்கும் இடைப்பட்டது விரிகோணம். 180-க்கும் 360-க்கும் இடைப்பட்டது பின்வளைகோணம்.

கோணத்தை அளக்கப் பாகைமானி பயன்படுகிறது. அதன் நடுப்புள்ளி கோணத்தின் முனைமீதும், அடிக்கோடு ஒரு கரத்தின்மீதும் பொருந்துமாறு வைத்து, மற்றொரு கரம் காட்டும் எண்ணைப் படித்தல் வேண்டும். பாகைமானியில் வலமிருந்து ஒரு வரிசையும் இடமிருந்து ஒரு வரிசையுமாக எண்கள் இருவகையாக எழுதப்பட்டிருக்கும். அதனால் 60 பாகையை 120 என்று படித்துவிடுவோர் பலர். இப்பிழையைத் தடுப்பது எங்ஙனம்? அளக்கத் தொடங்குமுன்னரே கோணத்தைக் கண்ணால் நோக்கி, அது குறுங்கோணமா விரிகோணமா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். குறுங்கோணம் என்று கண்டபின் 120 என்று எழுதக் கை எழாது. வகைப்படுத்துதல் வெறும் பெயர்ப் பட்டியல் அன்று; அளவைச் சரிபார்க்கும் காவலும் அதுவே.

செம்மையான கோணம்

கோணங்கள் பலவற்றுள்ளும் ஒன்றனுக்கு மட்டும் செம்மை என்னும் அடைமொழியைத் தமிழ் தந்துள்ளது. செம்மை என்பது நேர்மை. ஒருபாலும் சாயாத ஆட்சியைச் செங்கோல் என்றும், நெறி பிறழ்ந்த ஆட்சியைக் கொடுங்கோல் என்றும் கூறுவர். திருவள்ளுவர் செங்கோன்மை, கொடுங்கோன்மை என இரண்டு அதிகாரங்களையே வகுத்தார். கோவலனுக்கு முறை தவறிய பாண்டிய மன்னன், வளைந்த தன் கோலை உயிர்கொடுத்து நிமிர்த்தினான் என்பது மதுரை நகர் கண்ட வரலாறாகச் சிலப்பதிகாரம் கூறும் செய்தி. ஒருபாலும் சாயாது நிற்கும் கோணத்திற்கும் செங்கோணம் என்னும் பெயர் எத்துணைப் பொருத்தமாக அமைந்துள்ளது, காண்மின்!

கட்டட வேலை செய்வோரின் பையைப் பார்த்தால், செங்கோணத்தைக் காப்பதற்கென்றே சில கருவிகள் இருப்பது தெரியும். சுவர் செங்குத்தாக எழுகின்றதா என்று காணத் தூக்குக்குண்டு. தளம் கிடையாக அமைந்துள்ளதா என்று காண இரசமட்டம். இரு சுவர்கள் கூடும் மூலை செம்மையாக உள்ளதா என்று காண மூலைமட்டம். பெரிய மனையில் மூலைமட்டம் போதாது. அங்கே கயிற்றைக் கொண்டு ஒரு பக்கத்தில் 3 அடியும், மற்றொரு பக்கத்தில் 4 அடியும் குறித்து, அக்குறிகளுக்கு இடையே 5 அடி உள்ளதா என்று பார்ப்பர். 5 அடி இருக்குமாயின் மூலை செங்கோணம், குறையுமாயின் குறுங்கோணம், மிகுமாயின் விரிகோணம். மனை முழுவதையும் சரிபார்க்க, மூலைக்கு மூலை குறுக்கே அளந்து, அவ்விரு மூலைவிட்டங்களும் சமமாக உள்ளனவா என்று காண்பர்.

திசை அறியும் கருவிகள் இல்லாத காலத்திலும் நம் முன்னோர் திசை பிழையாமல் கட்டடம் எழுப்பினர். சமனான நிலத்தில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, அதனை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் இடுவர். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் அது மீண்டும் தொடும் இடத்தையும் குறிப்பர். அவ்விரு குறிகளையும் சேர்க்கும் கோடு கிழக்கு மேற்காக அமையும். அதற்குச் செங்கோணமாக வரையும் கோடு வடக்கு தெற்கைக் காட்டும். பாண்டியன் நெடுஞ்செழியனைத் தலைவனாகக் கொண்டது என்று கூறப்படும் நெடுநல்வாடையிலும் இத்தகைய செய்தி ஒன்று உண்டு. ஞாயிறு ஒருபாலும் சாயாத நண்பகலில் கோல்கள் இரண்டின் நிழலை நோக்கி, நூலறிந்தோர் கயிறு பிடித்து, அரண்மனைக்குத் திசை வகுத்த முறையை அந்நூல் பாடுகிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனைச் சித்திரைத் திங்களில் நிகழ்ந்ததாக விளக்குவர்.

மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் அமைந்துள்ளது. ஆதலால் ஆண்டில் இரு நாட்களில் மட்டும் நண்பகல் ஞாயிறு இந்நகருக்கு நேர் உச்சியில் நிற்கும். அவற்றுள் ஒன்று ஏப்ரல் 15, 16 தேதிகளை ஒட்டி, சித்திரை பிறந்த ஓரிரு நாட்களில் வருகிறது. மற்றொன்று ஆகஸ்டு மாதக் கடைசியில் வருகிறது. அந்நாட்களில் செங்குத்தாக நட்ட கோலுக்கு நண்பகலில் நிழல் இராது. ஞாயிற்றின் கதிர் நிலத்தோடு செங்கோணம் ஆக்கும் நேரம் அதுவேயாகும்.

மதுரையைச் சூழ்ந்திருந்த கோட்டை மதில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டது. அகழி தூர்க்கப்பட்டு, அவ்விடத்தில் புதிய வீதிகள் அமைக்கப்பட்டன. அவ்வேலையில் ஈடுபட்ட அளவையாளர் ஒருவரின் பெயரும், வேலையாட்களை மேற்பார்த்த மேஸ்திரி ஒருவரின் பெயரும் அவ்வீதிகளுக்கு இடப்பட்டன. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று அப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. மன்னர்க்கும் தலைவர்க்கும் வீதிப் பெயர் அமைவது உலக வழக்கு. அளந்தவர்க்கும் கட்டியவர்க்கும் அச்சிறப்பினைத் தந்த நகர் மதுரை.

வயலும் கோணமும்

கோணம் பிழைத்தால் சுவர் சாயும் என்பது மட்டுமன்று; உழவனின் உடைமையும் குறையும். வையையாற்றுப் பாசனத்தில் ஒருவர்க்கு வயல் ஒன்று உள்ளது எனக் கொள்வோம். அதன் எதிர்ப் பக்கங்கள் சமம். நீளம் 100 அடி, அகலம் 60 அடி. மூலைகள் செங்கோணமாயின் அதன் பரப்பு 6,000 சதுர அடி. அதாவது, ஏறத்தாழ பதின்மூன்றேமுக்கால் சென்ட். அதே நீளமும் அதே அகலமும் உடைய வேறொரு வயலில் ஒரு மூலை 60 பாகையாகச் சாய்ந்திருந்தால் பரப்பு 5,196 சதுர அடியே. 30 பாகையாயின் 3,000 சதுர அடி மட்டுமே. அஃது ஏழு சென்ட்டும் இல்லை. வரப்பின் நீளம் ஒன்றே. வேலிக்கு வேண்டிய முள்ளும் ஒன்றே. ஆனால் விளையும் நிலம் பாதி! நான்கு பக்கங்களின் அளவை மட்டும் கேட்டு நிலம் வாங்குபவன் ஏமாறுவான் என்பதை இதனால் அறியலாம்.

எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்து, அவ்விரண்டையும் பெருக்கிப் பரப்புக் காணும் வழக்கம் பழைய எகிப்து நாட்டிலும் இருந்தது. மூலைகள் யாவும் செங்கோணமாக உள்ள நிலத்திற்கே அக்கணக்குச் சரியாகும். மற்ற நிலங்களையெல்லாம் அஃது உள்ளதினும் மிகுதியாகவே காட்டும். அக்கணக்கினால் வரி விதித்தால், இல்லாத நிலத்துக்கும் உழவன் வரி செலுத்த நேரும்.

இதனைத் தவிர்க்கும் வழியையும் மூங்கிற் சிம்புகளே நமக்குக் காட்டும். மூன்று சிம்புகளை முக்கோணமாகக் கட்டிப் பாருங்கள். எவ்வளவு தள்ளினும் அது சாயாது. மூன்று பக்கங்களின் நீளம் உறுதியானால், மூன்று கோணங்களும் தாமே உறுதியாகிவிடுகின்றன. படற்கதவின் குறுக்கே சாய்வாக ஒரு சட்டம் அடிப்பதும், கூரைக்கு முக்கோணமாகச் சட்டங்கள் கோப்பதும் இதன் பொருட்டேயாகும். நில அளவையாளரும் ஒழுங்கற்ற வயலை முக்கோணங்களாகப் பகுத்துக்கொள்வர். 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உடைய சங்கிலியால் முக்கோணங்களின் பக்கங்களை அளப்பர்; வளைந்து செல்லும் வரப்புகளுக்கு, அளந்த கோட்டிலிருந்து செங்கோணமாகக் குறுக்களவு எடுப்பர். இவ்வாறு வயல்தோறும் வரைந்த புல வரைபடங்களும், மூலைகளில் நட்ட அளவைக் கற்களும் உழவனின் உரிமைக்குச் சான்றாக நிற்கின்றன. வரப்பை நகர்த்தியவன் கல்லை நகர்த்தினாலும், வரைபடத்தின் முக்கோணம் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எட்டாத உயரம்

கோல் சென்று சேர இயலாத இடத்திற்கும் கோணம் செல்லும். மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி உயரமுடையது. அதன்மீது ஏறாமலே அவ்வுயரத்தை ஒரு மாணவன் அறியலாம். பாகைமானியின் நடுப்புள்ளியில் ஒரு நூலைக் கட்டி, அதன் முனையில் சிறு கல்லொன்றைத் தொங்கவிடுக. பாகைமானியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் நேர்விளிம்பின் வழியே கோபுரத்தின் உச்சியை நோக்குக. நூல் 90 பாகைக் குறியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ, அதுவே நாம் மேல்நோக்கிய கோணம். இக்கோணத்தை ஏற்றக்கோணம் என்பர்.

ஏற்றக்கோணம் சரியாக 45 பாகை ஆகும் இடத்தில் நிற்க வேண்டும். அங்கே, உச்சிக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து நமக்குள்ள தொலைவும், நம் கண்ணுக்கு மேல் உள்ள கோபுரத்தின் உயரமும் சமமாக இருக்கும். தொலைவு 165 அடியும், தரையிலிருந்து கண்ணின் உயரம் 5 அடியும் இருப்பின், கோபுரம் 170 அடி எனக் காணலாம். கோபுரத்தின் அடி அகன்று, முடி உள்ளடங்கி இருப்பதால், சுவரிலிருந்து தொலைவை அளத்தல் பிழை. உச்சிக்கு நேர் கீழாகவுள்ள இடத்திலிருந்தே அளத்தல் வேண்டும்.

நாட்டை அளந்த முக்கோணங்கள்

ஒரு கோபுரத்தின் உயரத்தைக் கண்ட இம்முறையே ஒரு பெருநாட்டையும் அளக்கப் பயன்பட்டது. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படைத்துறையினர், சென்னைப் பரங்கிமலையை அடுத்த சமவெளியில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள நேர்கோடு ஒன்றை மிகுந்த கவனத்தோடு சங்கிலியால் அளந்தார். அஃது அடிக்கோடு எனப்பட்டது. அக்கோட்டின் இரு முனைகளிலும் நின்று தொலைவிலுள்ள ஒரு குன்றின் உச்சியை நோக்கிக் கோணங்களை அளந்தார். ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால், முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களையும் கணக்கினாலேயே காணலாம். அவ்வாறு கண்ட பக்கத்தை அடுத்த முக்கோணத்தின் அடியாகக் கொண்டு, முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தென்கோடி வரையில் அளவை நடைபெற்றது. ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் அளந்து கூட்டினால் 180 பாகை வரவேண்டும். மிகப் பெரிய முக்கோணங்களில் புவியின் வளைவால் நேரும் சிறு மிகையையும் கணக்கிட்டு, அளவு சரியாக உள்ளதா என்று அவர்கள் சோதித்தனர்.

இவ்வேலைக்கென அவர் இங்கிலாந்திலிருந்து தருவித்த தியோடலைட்டு என்னும் கோணமளக்கும் கருவி ஏறத்தாழ அரை டன் எடையுடையது. அதன் பாகை வட்டம் மூன்றடி விட்டமுடையது. அத்துணைப் பெரிய கருவி எதற்கு? கோணத்தில் நேரும் சிறு பிழை, தொலைவு செல்லச் செல்லப் பெரிதாகும். ஒரு பாகை பிழைத்தால், 57 அடி தொலைவில் ஓரடி தவறும்; ஒரு மைல் தொலைவில் 92 அடி தவறும். இருபது மைல் தொலைவில், ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்காகிய ஒரு விகலை பிழைத்தாலும் அரையடி தவறும்.

மதுரையைச் சூழ ஆனைமலை, நாகமலை, பசுமலை, திருப்பரங்குன்றம், அழகர்மலை எனக் குன்றுகள் பல உண்டு. இத்தகைய குன்றுகள் உள்ள நாட்டில் தொலைவை நோக்குவது எளிது. ஆனால் காவிரி பாயும் தஞ்சைச் சமவெளியில் மலையென்று சொல்ல ஒன்றுமில்லை. அங்கே கோயில் கோபுரங்களே மலைகளாக உதவின. 1808-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மீது அக்கருவியைக் கயிறுகட்டி ஏற்றும்பொழுது, கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. பாகை வட்டம் வளைந்துவிட்டது. வட்டம் வளைந்தபின் அது காட்டும் பாகையை எங்ஙனம் நம்புவது? வேறொரு கருவியை இங்கிலாந்திலிருந்து வருவிக்க ஏற்பாடு செய்த லாம்டன், அதற்காகக் காத்திருக்கவில்லை. மரப்பலகை ஒன்றில் சரியான அளவுடைய வட்டத்தை வரைந்து, அதனோடு பொருந்துமாறு, வளைந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து நிமிர்த்தினார். ஆறு வாரங்கள் இப்பணியில் கழிந்தன. அதன் பின்னரே அக்கருவி மீண்டும் அளவைக்குப் பயன்பட்டது.

இம்முக்கோணச் சங்கிலி வடக்கே நீண்டு, லாம்டனுக்குப் பின் இமயத்தின் அடிவாரம் வரை சென்றது. அச்சமவெளியில் நின்று, நூறு மைலுக்கும் அப்பாலுள்ள ஒரு பனிச்சிகரத்தை நோக்கிக் கோணங்கள் அளக்கப்பட்டன. வங்காளத்துக் கணித அறிஞர் இராதாநாத் சிக்தார் அவற்றைக் கொண்டு கணக்கிட்டார். அதுவே உலகின் மிக உயர்ந்த சிகரம் என்றும், அதன் உயரம் 29,002 அடி என்றும் 1856-இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் அதற்கு எவரெஸ்டு என்று பெயரிட்டனர். அக்காலத்தில் ஒரு மனிதனும் அச்சிகரத்தில் கால்வைத்ததில்லை. செயற்கைக்கோள்களின் துணையோடு அளந்து 2020-இல் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அதாவது, ஏறத்தாழ 29,032 அடி. பழைய கணக்கிற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முப்பதடி அளவே.

மாணவர்களே! கோல் நீளத்தைக் கூறும்; கோணமோ அந்நீளங்கள் எவ்வுருவில் கூடி நிற்கின்றன என்பதைக் கூறும். இரண்டும் சேர்ந்தே வயலின் உண்மைப் பரப்பைக் காட்டும், சுவரை நிமிர்த்தும், ஏறாத மலையின் உயரத்தை உரைக்கும். கோணத்தை அளக்கும்பொழுது, வரவேண்டும் என்று நீங்கள் விரும்பும் எண்ணை எழுதாதீர்கள். கருவி காட்டும் எண்ணையே எழுதுங்கள். மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 வரவில்லையாயின், மூன்றாம் எண்ணைத் திருத்தி எழுதுவது எளிது. மீண்டும் அளப்பதே செம்மை.

பயிற்சி

1. நான்கு பக்கங்களின் நீளம் மாறாதிருந்தும் வயலின் பரப்பு மாறுவது எங்ஙனம்? எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக.
2. கோணத்தைப் பெயரிடும்பொழுது மூன்று எழுத்துகளைப் பயன்படுத்துவது ஏன்?
3. செங்கோணம், செங்கோல் என்னும் சொற்களின் பொருட் பொருத்தத்தை எழுதுக.
4. 27, 90, 135, 180, 270 பாகை ஆகிய கோணங்களை வகைப்படுத்துக.
5. பிரித்தெழுதுக: பின்னர்க்கோலும், அஃதடைத்த, ஏற்றக்கோணம், அச்சிகரம்.
6. உங்கள் பள்ளிக் கொடிமரத்தின் உயரத்தைப் பாகைமானி, நூல், கல் ஆகியவற்றின் துணையால் காண்க. மூன்று முறை அளந்து, மூன்று விடைகளையும் உள்ளவாறே குறிப்பேட்டில் எழுதுக.